மரியாதைக் குறைவும் பிறர்சிநேகமும்



சீமோன் என்னும் பரிசேயன் சேசுநாதரைத் தன் வீட்டுக்கு விருந்துக்கு அழைத்த சம்பவத்தை அர்ச். லூக்காஸ் தமது சுவிசேஷத்தின் 7-ம் அதிகாரத்தில் எழுதியிருக்கிறார். உணவில் குறை இருந்ததாக அங்கே சொல்லப்படவில்லை. ஆனால் வந்தவருக்குக் கால் கழுவத் தண்ணீர் கொடுக்கவில்லை; முத்தமிட்டு வரவேற்கவில்லை; தலைக்கு எண்ணெய் பூசவில்லை. நம் ஊரில் வீடு தேடி வந்தவரை "வாங்க" என்று சொல்லாமலும், ஒரு செம்புத் தண்ணீர் கொடுக்காமலும் விட்டுவிடுவது போன்றது அது.

பாவியான ஒரு ஸ்திரீ அவருடைய பாதங்களைக் கண்ணீரால் நனைத்தபோது, சேசுநாதர் சீமோனைப் பார்த்து இந்த மூன்று குறைகளையும் ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னார். தமக்கு மரியாதை கிடைக்கவில்லையே என்று வருந்தியா சொன்னார்? இல்லை. பின்னாளில் தம் திருமுகத்தில் துப்பியவர்களையே பொறுத்துக்கொண்டவர் அவர். சீமோனிடத்தில் சிநேகம் குறைவு என்பதற்கு அந்த மூன்றும் அடையாளம் என்று காட்டவே அப்படிச் சொன்னார்.

"சுவாமி, மரியாதைக் குறைவு ஒரு பாவமா?" என்று சிலர் கேட்பதுண்டு. பத்துக் கற்பனைகளில் அது தனியாகச் சொல்லப்படவில்லைதான். ஆனால் அர்ச். சின்னப்பர், கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபம் 13-ம் அதிகாரத்தில், சிநேகத்தின் குணங்களைச் சொல்லும்போது, அது தகாத விதமாய் நடந்துகொள்ளாது என்பதையும் சேர்த்திருக்கிறார்.

நாள்தோறும் நாம் காண்பது என்ன? கல்யாணப் பந்தியில் ஒருவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே, அவர் எப்போது எழுந்திருப்பார் என்று நாற்காலியைப் பிடித்துக்கொண்டு பின்னால் நிற்கிறோம். பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடித்துவிட்டு, கைப்பிள்ளையோடு நிற்கும் தாயைப் பார்க்காதது போல் இருக்கிறோம். திவ்விய பலிபூசை நேரத்தில் செல்போன் அடித்தால், கோவிலுக்குள்ளேயே பேசுகிறோம். இவை சிறு குற்றங்கள்தான். ஆனால் இவற்றின் பலன் அந்த இடத்தோடு நிற்பதில்லை. வேலை செய்யும் இடத்தில் வசை வாங்கியவன் வீட்டுக்கு வந்து மனைவிமேல் எரிந்து விழுகிறான். அவள் பிள்ளையை அடிக்கிறாள். பிள்ளை பள்ளிக்கூடத்தில் எளிய பிள்ளை ஒன்றைக் கேலி செய்கிறது. முதலில் கடுஞ்சொல் சொன்னவருக்கு இதெல்லாம் தெரியாது. அவர் இரவு நிம்மதியாகத் தூங்குகிறார்.

நமக்கு மரியாதை தெரியாது என்றும் சொல்ல முடியாது. தாசில்தார் வந்தால் எழுந்து நிற்கிறோம். பணக்காரர் வந்தால் மேல்துண்டு கைக்கு இறங்குகிறது. அதே நாவு, அடுத்த நிமிஷமே, தெருக்கூட்டும் வயதான அம்மாளை "ஏய், இங்கே வா" என்கிறது. அவளுக்கு நம் தாயாரின் வயதிருக்கும். "வா" என்பதற்கும் "வாங்க" என்பதற்கும் நடுவே இருப்பது ஒரே எழுத்தின் தூரமல்ல. அதை வயதைப் பார்த்துச் சொல்கிறோமா, சாதியையும் பணத்தையும் பார்த்துச் சொல்கிறோமா என்று அவரவர் மனச்சாட்சியைக் கேட்க வேண்டும். பொன் மோதிரக்காரனுக்கு நல்ல ஆசனமும், கந்தை உடுத்திய ஏழைக்குக் காலடியும் கொடுக்கிற சபையை அர்ச். இயாகப்பர் தம் நிருபத்தின் 2-ம் அதிகாரத்தில் கண்டித்திருக்கிறார். பதில் பேச முடியாதவனிடத்தில் நாம் காட்டும் மரியாதையே உண்மையான மரியாதை.

இதற்கு நமது மதுரை மிஷன் சரித்திரமே சாட்சி. கொன்சாலோ பெர்னாண்டஸ் சுவாமியார் 1595 முதல் மதுரையில் ஊழியம் செய்தார். பக்தியுள்ளவர், நோயாளிகளுக்கு உதவியவர். ஆயினும் பல வருஷ காலம் மதுரை ஜனங்களிடையே அவருடைய போதகம் பலன் தரவில்லை. கிறிஸ்தவராவது என்றால் பறங்கியாவது என்று ஜனங்கள் எண்ணினார்கள். பறங்கியரின் நடை, உடை, உணவு எல்லாம் அவர்களுக்கு அருவருப்பாயிருந்தன. 1606-ம் ஆண்டு மதுரைக்கு வந்த தத்துவ போதகர் ராபர்ட் தெ நோபிலி சுவாமியார் இதைக் கண்டுகொண்டார். காவி உடுத்தினார், மாமிசம் விலக்கினார், தமிழையும் சமஸ்கிருதத்தையும் கற்றார். சத்தியம் மாறவில்லை, சொன்ன விதம் மாறியது. அடைத்திருந்த கதவு திறந்தது.

ஆனால் மேலோருக்குக் காட்டிய அந்த மரியாதை எளியோருக்கும் அதே அளவில் கிடைத்ததா? 1640 முதல் தாழ்ந்தவர் என்று ஒதுக்கப்பட்டவர்களிடம் செல்வதற்குப் பண்டார சுவாமிகள் என்று தனிக் குருக்கள் ஏற்பட்டார்கள். பின்வந்த காலத்தில் பல பங்குகளில் சாதிக்கொரு இடமும், சாதிக்கொரு கல்லறையும் இருந்ததை மறைக்க வேண்டியதில்லை. வடக்கன்குளம் கோவிலுக்குள் சாதியாரைப் பிரித்து நின்ற சுவர் 1910-ம் ஆண்டில் இடிக்கப்பட்டது. கல் சுவரைக் கடப்பாரையால் இடிக்கலாம். நாவில் நிற்கிற சுவரை யார் இடிப்பது?

கோவிலுக்கு வராமல் நின்றுவிட்டவர்களை வீடு தேடிப்போய் விசாரித்தால், வேதசத்தியத்தில் சந்தேகம் என்று சொல்பவர் அபூர்வம். "அன்றைக்கு எல்லார் முன்னாலும் என்னை அப்படிப் பேசிவிட்டார்கள், சுவாமி" என்றே பலரும் சொல்கிறார்கள். பேசியவர் மறந்துவிட்டார். கேட்டவர் மறக்கவில்லை. ஒரு சொல்லினால் ஓர் ஆத்துமம் தேவநற்கருணையை விட்டுத் தூரப்போகுமானால், அதைச் சிறு குற்றம் என்று எப்படிச் சொல்வது?

ஆகையால் இந்த வாரம் மூன்று காரியங்களைச் செய்யுங்கள். முதலாவது, உங்களிடம் கூலிக்கு வேலை செய்பவர் யாராயிருந்தாலும், பெரியவரானால் "வாங்க, போங்க" என்றே பேசுங்கள். உங்கள் பிள்ளைகளும் அப்படியே பேசும்படி பாருங்கள். இரண்டாவது, மறைந்த பரிசுத்த பிதா பிரான்சிஸ் 2016-ம் ஆண்டு குடும்பங்களைப் பற்றி எழுதிய நிருபத்தில் வற்புறுத்திய மூன்று சொற்களை வீட்டில் வழங்குங்கள்: அனுமதி கேட்பது, நன்றி சொல்வது, மன்னிப்புக் கேட்பது. மூன்றாவது, உங்கள் சொல்லால் மனம் நொந்தவர் யாரும் இருந்தால், ஞாயிறு நன்மை வாங்குமுன் அவர் வீட்டுப் படி ஏறுங்கள். காணிக்கையைப் பீடத்தண்டை வைத்துவிட்டு முதலில் சகோதரனோடு சமாதானமாகும்படி நமதாண்டவர் கட்டளையிட்டிருக்கிறார்.

எலிசபெத்தம்மாளின் வீடு தேடி நடந்து போய், தானே முந்தி வாழ்த்துச் சொன்ன நம் ஆரோக்கிய மாதா, இனிய சொல்லையும் தாழ்ந்த மனதையும் நமக்குப் பெற்றுத் தருவார்களாக. ஆமென்.

— உங்கள் பங்குச் சுவாமியார், வாடிப்பட்டி