படத்தில் யார் முகம்?

பிறருக்கு உதவுவதைப் படம் பிடிப்பது தர்மமா?

1936-ல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், பட்டாணி பறிப்போர் முகாமில் பட்டினி கிடந்த ஒரு தாயையும் பிள்ளைகளையும் டோரதியா லாங் என்ற பெண்மணி படம் எடுத்தார். பத்திரிகையில் அது வந்ததும் அரசு அந்த முகாமுக்கு 20,000 பவுண்டு உணவு அனுப்பியது. அந்தத் தாயோ அதற்குள் வேறிடம் போய்விட்டார். அந்தப் படத்தை எடுக்காமலே இருந்திருக்கலாம் என்று பின்னாளில் வருந்தினார்.

அமிர்தசரஸ் பொற்கோவிலில் லங்கர் என்னும் சமபந்தி நடக்கிறது. அதைப் படம் எடுத்தால், வசதியுள்ளவர் யார், இல்லாதவர் யார் என்று தெரியாது. எல்லாரும் ஒரே தரையில் இருக்கிறார்கள்.

படம் பார்த்தவர் கொடுக்க முன்வந்தால் நல்லதே. ஆனால் வாங்கியவர் தலைகுனிந்தால் அது தர்மம் ஆகாது. நம் அன்னதர்மத்தில் அடுப்பையும் பந்தியையும் எடுங்கள். ஒருவர் முகத்தை எடுக்குமுன் அவர் சம்மதம் கேளுங்கள்.

அய்யா உண்டு.