இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு நிலையம்

டோக்கியோவின் ஷிபுயாவிலிருந்து கிச்சிஜோஜிக்குச் செல்லும் இனோகாஷிரா ரயில் பாதையில் இரண்டாவது நிறுத்தம் கொமாபா-டோடாய்மாயே. நடுவே ஒரே நடைமேடை, இருபுறமும் ஒவ்வொரு தண்டவாளம். விரைவு வண்டிகள் இங்கே நிற்பதில்லை. ஒரு பக்கம் படியிறங்கினால் டோக்கியோ பல்கலைக்கழகத்தின் கொமாபா வளாக வாயிலே எதிரில் நிற்கும்.

அந்தப் பல்கலைக்கழகத்தில் இளநிலைப் படிப்புக்குச் சேர்வோர், எந்தத் துறையை நாடி வந்தாலும், முதல் இரண்டு ஆண்டுகளை இங்கேதான் கழிக்க வேண்டும். அதன்பின் பெரும்பாலோர் ஹோங்கோ வளாகத்துக்குப் போய்விடுகிறார்கள். ஆகவே இந்த நிலையத்தில் முகங்கள் ஆண்டுதோறும் மாறுகின்றன. சிறிது காலமே இருக்கப் போகும் ஓர் இடத்தோடு மனிதருக்கு என்ன உறவு? வாடகை வீட்டிலும் மாற்றலாகிப் போகும் ஊரிலும் வாழ்வோர் பலருக்கும் உள்ள கேள்விதான் இது.

பெயரைப் பற்றிக்கொண்டு உறவு கொண்டாட இங்கே வழியில்லை. 1933-இல் பாதை திறக்கப்பட்டபோது இவ்விடத்தில் கிழக்குக் கொமாபா, மேற்குக் கொமாபா என இரண்டு நிலையங்கள் இருந்தன. 1935-இல் ஹோங்கோவில் இருந்த முதலாம் உயர்கல்விப் பள்ளியும் கொமாபாவில் இருந்த பல்கலைக்கழக வேளாண் துறையும் ஒன்றுக்கொன்று இடம் மாறின. கிழக்கு நிலையம் அந்தப் பள்ளியின் பெயரை ஏற்றது. 1951-இல் பல்கலைக்கழகத்தின் பெயரை ஏற்றது. மேற்கு நிலையம் வெறும் கொமாபா ஆயிற்று. 1965 ஜூலையில் இரண்டையும் மூடிவிட்டு, இடையில் இன்றைய நிலையத்தைக் கட்டி, இரு பெயர்களையும் அதற்கே சூட்டினார்கள். ஊரும் கல்விக்கூடமும் ஒன்றையொன்று விழுங்கிவிடாமல் ஒரே பலகையில் இடம்பெற்றது நியாயமான ஏற்பாடு.

மேற்கு வாயில் வழியே வெளியேறிச் சற்று நடந்தால், தண்டவாளத்தை ஒட்டி ஒரு சிறிய நெல்வயல் இருக்கிறது. உலகின் மிக நெரிசலான நகர மையங்களுள் ஒன்றான ஷிபுயாவுக்கு இவ்வளவு அருகில் நாற்று நடுவதும் அறுவடை செய்வதும் இன்றும் நடக்கின்றன. 1878-இல் இங்கே வேளாண் பள்ளி தொடங்கியது. 1881-இல் அங்கே கற்பிக்க ஜெர்மனியிலிருந்து வந்தவர் வேதியியலாளர் ஆஸ்கர் கெல்னர். எந்த உரம் நெல்லுக்கு எவ்வளவு பயன் தருகிறது என்று சோதித்துப் பார்த்தவர் அவர். வயல் அவர் பெயரிலேயே வழங்குகிறது. அவர் தாய்நாடு திரும்பி நூறாண்டுக்கு மேலாகிறது. அவரை வரவழைத்த பள்ளியும் இல்லை.

இப்போது அந்த வயலில் உழைப்பவர்கள் சுகுபா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த, அருகிலுள்ள பள்ளியின் மாணவர்கள். அவர்களும் நிலையாக இருப்பவர்கள் அல்லர். படிப்பு முடிந்ததும் போய்விடுவார்கள். ஒரு தொகுதி மாணவர் விட்டுச்சென்ற சேற்றில் அடுத்த தொகுதி இறங்குகிறது. வயல் அழியாமல் இருப்பதற்குக் காரணம் யாரோ ஒருவர் வாழ்நாள் முழுதும் காவல் காத்ததன்று. இருக்கும் சில ஆண்டுகளில் தன் பங்கு வேலையைத் தட்டிக்கழிக்காத பலர் வரிசையாக வந்ததுதான். நிரந்தரமாகத் தங்கினால்தான் ஓர் இடத்தைப் பேண முடியும் என்ற எண்ணம் தவறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

அங்கே விளையும் அரிசியைச் சிவப்புப் பயறு சேர்த்துச் சமைத்து, பள்ளியில் புதிதாகச் சேருவோருக்கும் படிப்பை முடித்துச் செல்வோருக்கும் கொடுக்கிறார்கள்.