உயிரும் உடலும்: திருநர் மருத்துவமும் சைவ நெறியும்

பால் வேறுபாடு மாயையின் காரியமான உடலுக்கே உரியது என்றும், தனு, கரணம், புவனம், போகம் எனப்படும் உடல், அகக்கருவி, உலகம், நுகர்பொருள் ஆகிய நான்கும் உயிர் தன்னைப் பிணிக்கும் மலம் என்னும் அழுக்கினின்று விடுபட இறைவன் அருளிய துணைகள் என்றும் சைவ சித்தாந்தம் கொள்வதால், பால்மாற்று அறுவை மருத்துவம் படைப்புக்கு எதிரானது என்னும் வாதம் அந்நெறிக்குள் வலுவிழக்கிறது. துணையே தடையாகும்போது அதைச் செப்பனிடுவது, கண்புரை நீக்குவதைப் போல, அறத்துக்கு உட்பட்டதே.

உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்ற நோய் வகைப்பாடு, பிறப்பில் குறிக்கப்பட்ட பாலும் அகத்தில் உணரும் பாலினமும் பொருந்தாத நிலையை மனநோய்ப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. ஆகவே திருநரின் துயரம் பெரும்பாலும் புறத்திலிருந்தே வருகிறது: கூவாகம் கோயில் திருவிழாவில் கூத்தாண்டவர் என்னும் தெய்வத்துக்காகத் தாலி கட்டிக்கொண்டு, மறுநாள் அதை அறுத்து அழும் திருநங்கையரைக் கண்டு உருகும் சமூகமே, புறநோயாளர் வரிசையில் அவர்களை, அவர்களே கைவிட்ட பழைய பெயரால் உரக்க அழைக்கும்போது, சிலர் சிகிச்சைக்கு மீண்டும் வருவதேயில்லை.