சிந்தனைத் துளி: கோட்டுக்கு வெளியே

மஸ்ஜித் இந்தியா மாமாக் கடையில் பந்தாட்டப் பேச்சு எழுந்தால், "யார் கோல் போட்டது?" என்பதுதான் முதல் கேள்வி. போட வைத்தவரை யாரும் கேட்பதில்லை.

கே. ராஜகோபால் சிலாங்கூருக்கு முன்வரிசையில் ஆடியவர். ஆட்டம் ஓய்ந்ததும் பயிற்றுநரானார். அவர் பயிற்சியில் 2009 சீ விளையாட்டுப் பந்தாட்டத்தில், 20 ஆண்டுகளுக்குப் பின் மலேசியாவுக்குத் தங்கம். 2010 டிசம்பரில் தென்கிழக்காசிய நாடுகளுக்கான சுசுகி கிண்ண இறுதியின் முதல் ஆட்டம்: புக்கிட் ஜாலிலில் இந்தோனேசியாவை 3-0 என வீழ்த்திய இரவில் இரண்டு கோல் போட்டவர் சாஃபி சாலி. ராஜகோபால் கோட்டுக்கு வெளியே நின்றார். ஜகார்த்தாவில் இரண்டாம் ஆட்டத்தில் 1-2 எனத் தோற்றும், மொத்தம் 4-2 எனக் கிண்ணம் மலேசியாவுக்கே.

முன்வரிசை வீரனுக்குக் கால் இருக்கும்வரைதான் கோல். கற்றுக்கொடுப்பவனுக்கு அந்தக் கெடு இல்லை. உங்கள் தொழிலில் இன்று யாருக்குப் பந்தைத் தள்ளிவிடப் போகிறீர்கள்?