படித்துறையில் எது புனிதம்?

காசியைப் படமெடுக்க வருபவர்களில் பலர் தசாசுவமேதப் படித்துறையின் மாலை ஆரத்தியைத்தான் தேடுகிறார்கள். அதே கரையில் சலவைத் தொழிலாளி இடுப்பளவு நீரில் நின்று கல்லில் துணி துவைக்கிறார். படகுக்காரர் பலகை இடுக்குகளை அடைக்கிறார். இவை புனிதத்துக்குப் புறம்பானவை அல்ல என்பதே என் வாதம். கங்கையைத் தாய் என்று வணங்குகிறவர், தன் அழுக்கையும் பசியையும் மறைத்துக்கொண்டு அவளிடம் வருவதில்லை. ராபர்ட் கார்ட்னர் 1986இல் வெளியிட்ட 'ஃபாரஸ்ட் ஆஃப் பிளிஸ்' ஆவணப்படம் விளக்கவுரையே இல்லாமல் இதைக் காட்டுகிறது: அதில் சாமந்தி மாலை தெய்வத்துக்கும் போகிறது, பிணத்துக்கும் போகிறது. புகைப்படக் கலைஞர் ரகுபீர் சிங்கின் வண்ணப் படங்களிலும் வழிபாடும் பிழைப்பும் ஒரே சட்டகத்துக்குள் வாழ்கின்றன.

எல்லாமே புனிதம் என்றால் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று கேட்கலாம். முழுக்குப் போடுகிறவருக்கு மந்திரத்துக்கும் சோப்புக்கும் உள்ள வேறுபாடு நன்றாகவே தெரியும். அந்த வேறுபாட்டைச் சுவராக்க மட்டும் அவர் மறுக்கிறார். இதைவிட வலுவான ஆட்சேபம் ஒன்றுண்டு: கேமரா பிறர் துயரத்தைக் காட்சிப்பொருளாக்குகிறது என்பது. அது பல நேரங்களில் உண்மையே. மணிகர்ணிகைப் படித்துறையில் எரியும் சிதைகளைப் படமெடுக்கக் கூடாது என்று கரையிலிருப்பவர்கள் தடுப்பது நியாயம். ஆனால் அந்தத் தடை என் வாதத்தைப் பலப்படுத்தவே செய்கிறது. கருவறைமுன் கேமராவைத் தாழ்த்துகிறவர், அழுகிறவர்முன்னும் உழைக்கிறவர்முன்னும் அனுமதி கேட்டு நிற்க வேண்டும். அன்றாடத்தைப் புனிதமாகக் காண்பவருக்கு அந்த அடக்கம் கட்டாயக் கடமை.