வலியைப் பொறுப்பதா, போக்குவதா?

திருவனந்தபுரத்திற்குத் தெற்கே, கடலை ஒட்டிய விழிஞ்ஞம் பகுதியில் இரண்டு காட்சிகளைக் காணலாம். கரையில் மீனவர்கள் வரிசையாக நின்று கரமடி வலையின் கயிற்றை இழுக்கிறார்கள். அவர்களுள் முதியோரும் உண்டு. சற்றுத் தொலைவில், தூர தேசங்களிலிருந்து வந்தவர்கள் பிழிச்சிலுக்காகவும் ஞவரக்கிழிக்காகவும் ஆயுர்வேத நிலையங்களை நாடுகிறார்கள். மூட்டுவலி இரு சாராரையும் விடுவதில்லை. ஒருவர் அதைச் சுமந்தபடி உழைக்கிறார். மற்றவர் அதற்குப் பரிகாரம் தேடுகிறார். இவற்றுள் எது அறம்?

சங்கரரின் பெயரால் வழங்கும் விவேகசூடாமணி, பரிகாரம் தேடாமல், கவலையும் புலம்பலும் இன்றித் துன்பங்களைப் பொறுப்பதே திதிக்ஷை என்கிறது. அப்படியானால் முழங்காலுக்குத் தைலம் தேய்ப்பதும் ஆன்மிகக் குறைபாடா? அந்நூல் அனைத்தையும் துறக்கத் துணிந்த சாதகனை நோக்கிப் பேசுகிறது. பிள்ளைகளின் பசியைத் தீர்க்க வேண்டிய இல்லறத்தான் தன் முழங்காலைப் புறக்கணித்தால், அது துறவாகாது. கடமையைக் கைவிடுவதாகவே முடியும். கீதையின் இரண்டாம் அத்தியாயத்தில், வந்து போகும் சுகதுக்கங்களைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லும் கிருஷ்ணர், அர்ஜுனனைத் தேரில் சோர்ந்து அமர்ந்திருக்கச் சொல்லவில்லை. எழுந்து செயல்படவே சொல்கிறார்.

உடலின் இயல்பும் இதையே காட்டுகிறது. மூட்டின் குருத்தெலும்பில் ரத்தக் குழாய்கள் இல்லை. அசைவினால் அழுந்தி விரியும்போதுதான் மூட்டுத் திரவத்திலிருந்து அது ஊட்டம் பெறுகிறது. வலிக்குப் பயந்து அசையாமல் இருந்தால் தசை மெலிகிறது, இறுக்கம் கூடுகிறது. தேய்மானத்தால் வரும் காலை நேர இறுக்கம் பெரும்பாலும் அரை மணி நேரத்திற்குள் தளர்ந்துவிடும். மிதமான நடை, தொடைத் தசைக்கான பயிற்சி, வெந்நீர் ஒத்தடம் ஆகியவை துணை செய்யும். உடல் எடையில் ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடியிலும் முழங்காலின் சுமை ஏறத்தாழ நான்கு கிலோ குறைகிறது. ஆனால் இறுக்கம் வெகுநேரம் நீடித்தாலோ, மூட்டு வீங்கிச் சூடேறினாலோ, காய்ச்சல் கண்டாலோ மருத்துவரிடம் செல்லத் தாமதிக்கக் கூடாது. வலி மாத்திரைகளைத் தாமாகவே நெடுநாள் உண்பது வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

எனில், பொறுமைக்கு இடம் எங்கே? எல்லாம் செய்த பின்பும் எஞ்சும் வலியில்தான். ரமண மகரிஷி பல்லாண்டுகள் முழங்கால் வாதத்துடன் வாழ்ந்தார். பக்தர்கள் தைலம் தேய்ப்பதை அனுமதித்தார். 1949-இல் இடக்கையில் தோன்றிய கட்டிக்காக நடந்த அறுவைச் சிகிச்சைகளையும் அமைதியாக ஏற்றார். சிகிச்சை உடலுக்கு நடந்தது, மனமோ கலங்கவில்லை. வலி உடலின் நிகழ்ச்சி. 'எனக்கு ஏன் இது?' என்ற புலம்பல் மனம் சேர்க்கும் சுமை. முன்னதை மருந்தால் குறைக்கலாம். பின்னதை விவேகத்தால்தான் இறக்கி வைக்க முடியும்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. திதிக்ஷை ஒருவர் தமக்குத் தாமே விதித்துக்கொள்ளும் தவம்; பிறருக்கு இடும் கட்டளை அன்று. வலை இழுக்கும் முதியவரிடமோ, மீன்கூடையைத் தலையில் சுமக்கும் தாயிடமோ, வீட்டில் காலை நீட்டி அமர்ந்திருக்கும் பாட்டியிடமோ, 'வயதானால் அப்படித்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்' என்று சொல்வது வேதாந்தம் ஆகாது, அது இரக்கமின்மை. அவர்களது கூடையை ஒரு கை தாங்குவதும், மருத்துவரிடம் அழைத்துச் செல்வதும், அவர்களோடு மெல்ல நடப்பதுமே நம் கடமை.

தன் வலியில் பொறுமை, பிறர் வலியில் பொறுக்க முடியாமை: இவ்விரண்டும் ஒருங்கே அமைந்த உள்ளமே பண்பட்ட உள்ளம்.