யாருடைய மலை?

மேல்சித்தாமூரிலோ, திருமலையிலோ, பொன்னூர் மலையிலோ நின்று வணங்கும்போது, இத்தலம் யாருடையது என்னும் வினா நம் உள்ளத்தில் எழுவதில்லை. அங்கே பூசை நடைபெறுகின்றது, உபாத்தியாயர் இருக்கின்றார், திருவிழாவுக்கு நம் ஊரார் கூடுகின்றனர். தென்பாண்டி நாட்டுக்குச் செல்லும்போதுதான் அவ்வினா எழுகின்றது. அங்கே மலைகளில் நம் தீர்த்தங்கரர் திருமேனிகள் உள்ளன. மலையடியிலோ வழிவழியாக வாழ்ந்துவரும் தமிழ்ச் சமணர் ஊர் ஒன்றும் இல்லை. "எல்லாம் நம்முடையவை; பிறர் கைக்குப் போய்விட்டன" என்று ஆற்றாமையோடு பேசுவோர் நம்மிடையே பலர். அவ்வாற்றாமை இயல்பானதே. அது அறத்துக்கும் ஏற்றதுதானா என்பதையே இங்கு எண்ணிப் பார்க்க விரும்புகின்றேன்.

சென்ற தை மாதத்தில் எம் உறவினர் குடும்பங்கள் சில ஒன்றுகூடித் தென்காசி மாவட்டத்து வாசுதேவநல்லூரில் மூன்று நாள் தங்கினோம். உறவினர் ஒருவர் வங்கிப் பணியின் பொருட்டு அங்கு வாழ்ந்து வருகின்றார். மேற்கே தொடர்மலை, தெற்கே குற்றாலம், கிழக்கே சங்கரன்கோவிலைக் கடந்து சென்றால் கழுகுமலை. தலங்கள் காண்பதற்கு வாய்ப்பான ஊர்.

அவ்வூரின் பெருங்கோயில் சிந்தாமணிநாதர் கோயில். அம்மையும் அப்பனும் ஓருருவாய் நிற்கும் அர்த்தநாரீசுவரரே அங்கு மூலவர். எம்முடன் வந்த இளைஞர்க்கு அப்பெயரே போதுமானதாயிற்று. சிந்தாமணி பார்சுவநாதர் என்று நம் பெருமானுக்கு ஒரு பெயர் வழங்குகின்றது என்றார் ஒருவர். சீவக சிந்தாமணி நம் காப்பியமன்றோ என்றார் மற்றொருவர். நம் புராணங்கள் கூறும் வாசுதேவர் ஒன்பதின்மருள் இறுதியானவர் கண்ணபிரான்; அவர் நேமிநாதருக்கு உறவினர்; ஆகவே ஊர்ப்பெயரும் நம்முடையதே என்று மூன்றாமவர் முடித்தார். கோபுர வாயிலைக் கடக்கு முன்பே கோயில் நம்முடையதாகிவிட்டது!

வாசுதேவன் என்னும் பெயர் வைணவர்க்கு எத்துணை உரியது என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. சிந்தாமணி என்னும் பெயரையோ, தலமரமாகிய புளியை ஒட்டி விளக்குகின்றனர் அவ்வூரார். வகுப்பில் ஒரு மாணவன் இவ்வாறு பெயர் ஒப்புமை ஒன்றையே சான்றாகக் காட்டி விடை எழுதியிருப்பின், நான் மதிப்பெண் அளித்திருக்க மாட்டேன். இது வரலாற்றுப் பிழை என்னும் அளவில் நின்றுவிடுவதும் அன்று. கொடாததைக் கொள்ளுதல் களவு என்பது நம் அணுவிரதங்களுள் ஒன்று. பிறர் தலைமுறை தலைமுறையாக வழிபடும் தெய்வத்தைச் சொல்லால் நமதாக்கிக் கொள்வது அவ்விரதத்துக்குப் பொருந்துமா? நம் தலங்களைப் பிறர் கொண்டனர் என்று வருந்தும் நாமே அதனைச் செய்யலாகாது.

அவ்வூரில் பூலித்தேவரின் கோட்டை ஒன்று இருந்தது. 1760களில் கும்பினிப் படையின் பீரங்கிகளுக்கு ஆளான அக்கோட்டை இன்று இல்லை. நெற்கட்டும்செவலில் அவருக்கு நினைவு மாளிகை உள்ளது. திருமலாபுரம் குடைவரையையும் கண்டோம். பாண்டியர் கால ஓவியத்தின் எச்சம் அங்கு மிகச் சிறிதே உள்ளது. கண் பழகியவர்க்கே தெரியும். இவை பற்றி விரிப்பின் கழுகுமலைக்கு இடமிராது.

கழுகுமலைக்கு அரைமலை என்பது பழம்பெயர். கி.பி. 8, 9ஆம் நூற்றாண்டுகளில் அப்பாறையில் ஏறத்தாழ நூற்றைம்பது திருமேனிகள் செதுக்கப்பெற்றன. பார்சுவநாதர், பாகுபலி, அம்பிகை ஆகியோர் பெரிய உருவங்களாய் விளங்க, தீர்த்தங்கரர் பலர் சிறு சிறு மாடங்களில் வரிசை வரிசையாக அமர்ந்துள்ளனர். அவற்றின் அடியில் வட்டெழுத்தில் ஏறத்தாழ நூறு குறுங்கல்வெட்டுகள். பெரும்பாலானவற்றின் செய்தி ஒன்றே: இன்ன ஊரைச் சேர்ந்த இன்னார் செய்வித்த திருமேனி என்பது. மன்னர் புகழ் இல்லை. போர் வெற்றி இல்லை. செய்வித்தோருள் தச்சர் உண்டு, குயவர் உண்டு, உழுதொழில் செய்தோர் உண்டு. சிலர் தம் பெயரில் அன்றி, மற்றொருவரைச் சார்த்தி, அவர் நன்மையின் பொருட்டுச் செய்வித்துள்ளனர்.

அவர்களுள் குரத்தியரும் உள்ளனர். குரவர் என்பதற்குப் பெண்பாற் சொல் குரத்தி. ஆசிரியை என்பது பொருள். நாற்பதாண்டு ஆசிரியப் பணி செய்தவள் ஆதலின், அவ்விடத்தில் நான் பிறரைக் காட்டிலும் சற்று அதிக நேரம் நின்றுவிட்டேன். திருச்சாரணத்துக் குரத்தியர் செய்வித்த திருமேனி அங்குள்ளது. திருச்சாரணம் என்பது இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்துச் சிதறால் மலை. அங்கிருந்து கழுகுமலை எத்துணைத் தொலைவு! ஊர்தி ஏறாத் துறவியர் அவர். அச்சிதறால் மலையிலேயே, ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் 28ஆம் ஆட்சியாண்டில், குணந்தாங்கிக் குரத்தி என்பவர் படாரியார்க்குப் பொன்னணி அளித்ததைக் கல்வெட்டு கூறுகின்றது. நம் வட்டாரத்துக்கு வருவோமாயின், வந்தவாசியை அடுத்த வேடாலில், ஆதித்த சோழனின் 14ஆம் ஆட்சியாண்டில், கனகவீரக் குரத்தியார்க்கு மாணாக்கர் ஐந்நூற்றுவர் இருந்தனர். அவர்க்கும் மற்றொரு சாரார் நானூற்றுவர்க்கும் பிணக்கு நேர்ந்தது என்பதும் அக்கல்வெட்டுச் செய்தியே. பள்ளிக்கூடத்துப் பூசல் அன்றும் இருந்தது போலும். விளாப்பாக்கத்தில் பட்டினிக் குரத்தியார் 945ஆம் ஆண்டளவில் கிணறு ஒன்று தோண்டுவித்தார். பெண்ணுக்கு எழுத்து எதற்கு என்று கேட்ட காலம் நம் பாட்டியர் காலம். அதற்கு ஆயிரம் ஆண்டு முன்பே, தமிழ்நாட்டில் பெண்ணொருத்தி ஐந்நூற்றுவர்க்கு ஆசிரியையாய் விளங்கினாள். நம் பெண்மக்கள் கழுகுமலைக்குச் செல்ல இஃதொன்றே போதிய காரணமாகும்.

இனி வினாவுக்கு வருவோம். இத்திருமேனிகளைச் செய்வித்தோர் செய்தது தானம். தானமாவது 'எனது' என்னும் எண்ணத்தை விடுதல். கொடுத்த பொருள் கொடுத்தவருக்கே உரியதன்று எனின், ஆயிரத்து இருநூறு ஆண்டு கழிந்து, அதே நெறியைப் பின்பற்றுகின்றோம் என்னும் ஒரு தொடர்பு கொண்டு, நாம் எவ்வாறு அதற்கு உரிமை கொண்டாடுவது? உமாசுவாமி தம் தத்துவார்த்த சூத்திரத்தில் பரிக்கிரகத்துக்கு இலக்கணம் கூறுமிடத்துப் பொருளைக் குறிக்கவில்லை. மயங்கிய பற்றையே குறித்தார். நிலத்தின் மீதும் நகையின் மீதும் வைப்பதுதான் பற்று என்று எண்ணிவிடக் கூடாது. பழம்பெருமையின் மீதும் வைக்கலாம். அது மிக எளிதில் பக்தியின் உருக்கொண்டு வருவதால், கண்டறிவதும் கடினம்.

அன்று மலைமீது ஒன்று நிகழ்ந்தது. திருமேனிகளுக்கு அருகே அய்யனார் கோயில் உள்ளது. விளக்கேற்ற வந்த மூதாட்டி ஒருவர், அங்கு வழிபாட்டை முடித்துக்கொண்டு, பாறையில் அமர்ந்த தீர்த்தங்கரரையும் நோக்கிக் கும்பிட்டார். எம் குழுவின் இளைஞர் ஒருவர், "பாட்டி, இது எங்கள் சாமி" என்றார். அம்மூதாட்டி சினம் கொள்ளவில்லை. "ஒங்க சாமியாய்யா? நல்லதுதான். இம்புட்டு நாளும் எங்க போயிருந்தீக?" என்று கேட்டார். ஏளனமாகக் கேட்கவில்லை, ஊருக்குப் போய்த் திரும்பிய பிள்ளையைக் கேட்பது போலவே கேட்டார். இளைஞருக்கு விடை கூற இயலவில்லை. அவ்வினாவுக்கு விடை கூறும் கடமை அவ்விளைஞர் ஒருவருக்கே உரியதும் அன்று.

தமிழ்க் கல்வெட்டுகளில் கொடைகளின் இறுதியில் ஒரு வழக்கு உண்டு. இவ்வறத்தைக் காப்பவரின் திருவடி என் தலைமேல் என்று கொடையாளர் கூறுவர். விளாப்பாக்கத்தை அடுத்த பஞ்சபாண்டவர் மலையில், இராசராச சோழன் காலத்தில், 992ஆம் ஆண்டளவில் இலாடப்பேரரையன் வீரசோழன் தன் தேவியின் வேண்டுகோளுக்கு இணங்கிப் பள்ளிச்சந்தம் விட்ட கல்வெட்டும் இவ்வாறே முடிகின்றது. காப்பவர் சமணராக இருக்கவேண்டும் என்னும் நிபந்தனை அதில் இல்லை. காத்தவர் எவராயினும் அவர் அடி என் தலைமேல் என்பதே அதன் பொருள். அவ்வாறாயின், அம்மூதாட்டியின் அடியும் அத்தலைகளின் மேல் உள்ளதன்றோ?

இது வெறும் உருக்கப் பேச்சு என்று எண்ணுவோர் அரிட்டாபட்டியை நினைவு கூர்க. மதுரை மாவட்டத்து அம்மலையில் தமிழி எழுத்துக் கல்வெட்டு உண்டு. தீர்த்தங்கரர் திருமேனி உண்டு. பாண்டியர் குடைவித்த சிவன் கோயிலும் உண்டு. 2022ஆம் ஆண்டு நவம்பரில் அது தமிழ்நாட்டின் முதற் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பெற்றது. 2024ஆம் ஆண்டு நவம்பரில் அப்பகுதியை உள்ளடக்கி டங்ஸ்டன் சுரங்க ஏலம் முடிவாயிற்று. எதிர்த்து எழுந்தோர் அவ்வட்டாரத்து உழவர்கள். பெண்களும் முதியோரும் அவர்களோடு நின்றனர். 2025ஆம் ஆண்டு சனவரியில் மேலூர்ப் பகுதியிலிருந்து மதுரை வரை பேரணி சென்றனர். அம்மாத இறுதிக்குள் மைய அரசு அவ்வேலத்தைக் கைவிட்டது. நம் திருமேனி அங்கு இன்றும் அமர்ந்திருப்பதற்கு அம்மக்களுக்கே நாம் கடன்பட்டுள்ளோம்.

உரிமை வேண்டாம் எனின், வரலாறும் வேண்டாமா என்று என்னை வினவுவர். வேண்டும். இஃது அருகன் திருமேனி, இதனைச் செய்வித்தோர் சமணர், இங்கே பள்ளி இருந்தது என்று சொல்வது வாய்மை. அதனைச் சொல்லத் தயங்கக் கூடாது. எவரேனும் வேறு பெயர் கூறின், பணிவோடு திருத்தலாம். அநேகாந்தம் என்பது எவர் எதைச் சொன்னாலும் தலையசைப்பது அன்று. ஆயின், "இது சமணர் செய்தது" என்னும் கூற்றுக்கும் "இது என்னுடையது, நீ விலகு" என்னும் கூற்றுக்கும் இடையே உள்ள தொலைவு மிகப் பெரிது. பாறையில் தம் பெயரைக் கீறிச் செல்வோரைத் தடுப்பதற்கும் உரிமைப் பத்திரம் தேவையில்லை. நம்மவர் சிலரும் பக்தி மிகுதியால் பழந்திருமேனிகளுக்கு எண்ணெயும் சந்தனமும் சாத்தி, வண்ணம் பூசவும் முனைகின்றனர். அதுவும் சிதைப்பதே.

கடினமான இடம் ஒன்று உண்டு. அய்யனார் உயிர்ப்பலி ஏற்காத் தெய்வம். ஆகவே அவர் அருகில் நம் மனம் கூச வேண்டுவதில்லை. தீர்த்தங்கரர் திருமேனிக்கு அண்மையில் ஆடோ கோழியோ பலியிடும் வழக்கம் எங்கேனும் இருப்பின் என் செய்வது? அங்கே வாளா இருத்தல் கூடாது என்பதே என் கருத்து. ஆயினும், எங்கள் சாமி முன் செய்யாதே என்று சொல்வது அவ்வுயிருக்காகப் பேசுவது ஆகாது. பத்தடி தள்ளிச் செய் என்றே அது பொருள்படும். உயிரைக் கொல்லற்க என்று எவ்விடத்திலும் வேண்டுவோம். அவ்வேண்டுகோளை மலைக்கு உரிமை கொண்டாடும் பூசலோடு கலந்தால், கேட்பவர் காதில் பூசல் மட்டுமே விழும்.

கழுகுமலைப் பார்சுவநாதரின் திருவுருவை நிதானமாகக் காணுங்கள். கமடன் பாறையைத் தூக்கி எறிய ஓங்குகின்றான். தரணேந்திரன் படமெடுத்துக் காக்கின்றான். பெருமானின் முகத்திலோ பகைவன்பால் சினமும் இல்லை; காப்பவன்பால் சார்பும் இல்லை. தம்மைக் காத்துக்கொள்ள அவர் கையை உயர்த்தவும் இல்லை.

இறங்குமுன், அய்யனார் கோயில் விளக்குக்கென எண்ணெய் வாங்கி அம்மூதாட்டியிடம் கொடுத்தோம். இதனை என் தமையனார் ஏற்கவில்லை. பிற தெய்வத்துக்கு எண்ணெய் கொடுப்பது தேவமூடத்தின்பாற்படும், நற்காட்சிக்கு இழுக்கு என்பது அவர் துணிபு. நான் கொடுத்தது தெய்வத்துக்கு அன்று, காவலருக்கு என்றேன். எண்ணெய் எரிந்தது எவர் முன் என்று அவர் கேட்கின்றார். ஊர் திரும்பி ஒரு மாதம் ஆகியும் எங்கள் வழக்கு முடியவில்லை. தம் கருத்தை அடுத்த இதழுக்கு எழுதி அனுப்புமாறு அவரைக் கேட்டுக்கொண்டுள்ளேன்.